உப்புத் தொட்டியில் கோளாறா? வீட்டிலேயே கண்டறியலாம்

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழும் கிராமங்களில், வீட்டு உபயோகத்துக்காக ‘வாட்டர் சாப்ட்னர்’ எனப்படும் நீர் மென்மையாக்கும் கருவியைப் பொருத்துவது பெருகி வருகிறது. குளிக்க, துணி துவைக்க, வெந்நீர் ஹீட்டரில் சுண்ணாம்பு படியாமல் காக்க இக்கருவி உதவுகிறது. ஆனால் பொருத்திய சில மாதங்களிலேயே, “உப்பு போட்டும் தண்ணீர் மாறவில்லை” என்றோ, “போட்ட உப்பு போட்டபடியே இருக்கிறது” என்றோ பலர் குறைப்படுகின்றனர். இக்குறைகளில் பெரும்பாலானவை உப்புத் தொட்டியில் தொடங்குபவை. மெக்கானிக்கை அழைக்கும் முன்பே வீட்டுக்காரர் இவற்றைக் கண்டறிந்து சரி செய்து கொள்ள முடியும். கருவியிலிருந்து வெளியேறும் உப்புக் கழிவுநீரைக் கவனியாமல் விட்டால் கொல்லையில் உள்ள மரம், செடிகளும் மண்ணும் கெடும். ஆகவே இக்கருவியைப் பற்றி உழவர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

உப்புத் தண்ணீரும் கடின நீரும்

சோப்பு நுரைக்காத நீரையும், வாயில் வைத்தால் கரிக்கும் நீரையும் நம் கிராமங்களில் ‘உப்புத் தண்ணீர்’ என்றே சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கால்சியம், மக்னீசியம் ஆகியவை மிகுந்த நீரே கடின நீர். சோப்பு நுரைக்காததற்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதற்கும் இவையே காரணம். சாப்ட்னர் இவ்விரண்டை மட்டுமே நீக்கும். அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை நீரில் விடும். எனவே கரிக்கும் நீர் இதனால் நன்னீர் ஆகாது. புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையும் இது நீக்குவதில்லை.

நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துச் சாப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது தவறு. கருவி நன்றாக இயங்கினாலும் மீட்டரின் எண் குறையாது. சோப்பு நுரையே எளிய சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில், ஒன்றில் கிணற்று நீரும் மற்றதில் சாப்ட்னர் நீரும் பாதியளவு எடுத்து, இரண்டிலும் சோப்புக் கரைசலைச் சம அளவு சொட்டுகள் விட்டுக் குலுக்க வேண்டும். சாப்ட்னர் நீரில் நுரை பொங்கி நின்றால் கருவி சரியாக உள்ளது. இரண்டிலும் நீர் கலங்கித் திரிந்தாற்போல் இருந்தால் கோளாறு உண்டு.

தொட்டியின் வேலை என்ன?

கருவியின் உயரமான உருளைக்குள் ரெசின் என்னும் சிறு மணிகள் உள்ளன. கடின நீர் இவற்றின் ஊடே செல்லும்போது கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் ஒட்டிக் கொள்கின்றன. மணிகள் நிறைந்ததும், கெட்டியான உப்புக் கரைசலைச் செலுத்தி அவற்றைக் கழுவி விட வேண்டும். இக்கரைசலைத் தயாரித்து வைப்பதே உப்புத் தொட்டியின் வேலை.

கணக்கு எளிது. 25 லிட்டர் ரெசின் உள்ள கருவிக்கு, லிட்டருக்கு 100 கிராம் வீதம் ஒரு முறை கழுவ இரண்டரை கிலோ உப்பு தேவை. இவ்வாறு கழுவிய ரெசின் லிட்டருக்குச் சுமார் 45 கிராம் கடினத் தன்மையைப் பிடிக்கும். நீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 500 மில்லி கிராம் எனில், ஏறக்குறைய 2,250 லிட்டர் நீரை மென்மையாக்கலாம். நாளொன்றுக்கு 750 லிட்டர் செலவாகும் வீட்டில் மூன்று நாட்களுக்கு ஒரு முறை உப்புக் கழுவல் செய்தாக வேண்டும். வாரம் ஒரு முறை மட்டும் கழுவினால், இடையில் நான்கு நாட்கள் கடின நீரே வரும். கருவியில் பழுது ஏதும் இராது. கணக்கில்தான் பிழை இருக்கும். கோடையில் கிணற்று மட்டம் இறங்கி நீரின் கடினத் தன்மை கூடினால், கழுவும் இடைவெளியை மேலும் குறைக்க வேண்டும்.

உப்பு குறையவே இல்லையா?

வாரக் கணக்கில் தொட்டியில் உப்பின் மட்டம் இறங்காவிட்டால் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உப்புப் பாலம். தொட்டியின் மேற்பகுதியில் உப்பு பாறை போல் இறுகி, அதன் அடியில் வெற்றிடம் உண்டாவதையே இவ்வாறு கூறுகிறோம். மேலே பார்த்தால் தொட்டி நிறைய உப்பு இருக்கும். அடியில் உள்ள நீரோ உப்பைத் தொடாது. ஈரக் காற்று, தொட்டியை வாய் வரை நிரப்புதல், மூடியைத் திறந்து வைத்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள். துடைப்பக் கட்டை போன்ற மரக் கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்தால், பாறையில் இடிப்பது போல் நிற்கும். உடைந்ததும் கம்பு திடீரென்று கீழே இறங்கும். பாலம் மிக இறுகியிருந்தால் சிறிது வெந்நீர் ஊற்றி இளக்கலாம். கடப்பாரை, இரும்புக் கம்பி ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளே நிற்கும் குழாயும் உடைந்து விடும்.

இரண்டாவது, உப்புச் சேறு. தூள் உப்பைப் பயன்படுத்தினால் அது அடியில் சேறாகப் படிந்து, கரைசல் செல்லும் வழியை அடைக்கும். மூட்டைகளில் வரும் மட்டமான கடல் உப்பில் மண்ணும் ஜிப்சமும் கலந்திருக்கும். இவையும் அடியில் தங்கும். இத்தகைய உப்பில் உள்ள மக்னீசியம் ஈரத்தை இழுத்துக் கட்டி சேரவும் செய்யும். இதற்குத் தொட்டியைக் காலி செய்து கழுவுவது தவிர வேறு வழியில்லை. தொட்டியில் போட வெண்மையான, பெரிய பரலாக உள்ள கல் உப்போ, இதற்கென விற்கப்படும் மாத்திரை உப்போ ஏற்றது. ஒரு பிடி உப்பைக் கண்ணாடி டம்ளர் நீரில் கரைத்து வைத்தால், அடியில் தங்கும் மண்ணைக் கொண்டு உப்பின் தரத்தை அறியலாம். சமையலுக்கான அயோடின் கலந்த தூள் உப்பு இதற்குத் தேவையில்லை.

மூன்றாவது, உறிஞ்சும் திறன் குறைவு. கரைசலைத் தொட்டியிலிருந்து இழுப்பது, வால்வுக்குள் உள்ள சிறு துளையின் வழியே விரைந்து பாயும் நீரின் வேகம். இத்துளை மணலாலோ துருவாலோ அடைபட்டால் உப்பு இழுபடாது. கரைசல் இழுக்கும் நிலையில் வால்வை வைத்து, தொட்டியிலிருந்து வரும் சிறு குழாயைக் கழற்றி, வால்வுப் பக்கத்து முனையில் கட்டை விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலை இழுத்தால் வால்வு சரியாக உள்ளது. அப்போது கோளாறு தொட்டியிலோ, காற்று புகும் சிறு குழாயிலோ இருக்கும். இழுக்காவிட்டால் அல்லது நீர் பின்னோக்கி வந்தால், துளையிலோ கழிவுநீர்க் குழாயிலோ அடைப்பு உண்டு. கழிவுநீர்க் குழாய் மடிந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். துளையைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முன் நீர் வரும் வால்வை மூடி, மின் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். அடைப்பை நீக்க ஊசி, கம்பி கூடாது. துளை பெரிதாகி விடும். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பிரஷுமே போதும்.

அழுத்தம் போதுமா?

நம் கிராமத்து வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுவே. பெரும்பாலான தானியங்கி வால்வுகளுக்குச் சதுர சென்டி மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை நீர் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டின் மேல் உள்ள தொட்டி தரும் அழுத்தம் அதில் பாதியளவே. இந்த அழுத்தத்தில் குழாயில் நீர் வரும். ஆனால் உப்புக் கரைசலை இழுக்காது. இதற்குச் சிறு அழுத்தப் பம்பு தேவைப்படும்.

சிலர் போர்வெல் மோட்டாரிலிருந்து வரும் நீரைச் சாப்ட்னர் வழியாக மேல்தொட்டிக்கு ஏற்றுகின்றனர். மோட்டார் ஓடும்போது அழுத்தம் தாராளமாக இருக்கும். ஆனால் பல தானியங்கிக் கருவிகள் இரவு 2 மணிக்குக் கழுவலைத் தொடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. அந்நேரம் மோட்டார் ஓடாது. வால்வு தன் பாட்டுக்குச் சுற்றி முடிக்கும், ரெசின் கழுவப்பட்டிராது. ஆகவே மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடும் நேரத்துக்குக் கழுவலை மாற்றி அமைக்க வேண்டும். மின்தடைக்குப் பின் டைமரின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக் கொள்வது நல்லது.

தொட்டியில் நீர் அதிகமா, குறைவா?

இரண்டரை கிலோ உப்பு கரைவதற்கு ஏறக்குறைய 7 லிட்டர் நீர் வேண்டும். அதற்கு மேல் ஏறி நீர் வழிந்தால், மிதவை உப்புப் படிந்து சிக்கியிருக்கலாம். அல்லது கரைசல் இழுபடாமலே மறுபடியும் நீர் நிரம்பியிருக்கலாம். மிதவையைக் கழற்றி நன்னீரில் கழுவி, தங்கு தடையின்றி மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டி வறண்டு கிடந்தால் நீர் நிரப்பும் சிறு குழாயில் அடைப்பு இருக்கும். நீர் நிரம்பிய பின் உப்பு நன்கு கரைய இரண்டு முதல் நான்கு மணி நேரம் விட்டு, அதன் பிறகே கழுவலைத் தொடங்க வேண்டும். உப்பைப் போட்ட உடனே கழுவினால் பலன் இல்லை.

கழுவிய பின் வரும் நீர் கரித்தால், இறுதி அலசல் போதவில்லை என்று பொருள். கையால் இயக்கும் கருவியில் கரிப்பு நிற்கும் வரை அலசலை நீட்டிக்க வேண்டும்.

உப்பு செலவாகிறது, நீர் மாறவில்லையா?

இந்நிலையில் சுற்றுவழி வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது மூடியிருந்தால் ரெசினைச் சந்தேகிக்கலாம். இரும்புச் சத்துள்ள கிணற்று நீர் ரெசின் மணிகளில் துருவாகப் படிந்து அவற்றின் திறனைக் கெடுக்கும். வாளியில் பிடித்து வைத்த நீர் மறுநாள் பழுப்பேறினால், சாப்ட்னருக்கு முன்பாக இரும்பு நீக்கும் வடிகட்டி தேவை. பிளீச்சிங் பவுடர் இட்ட நீரும் ரெசினைச் சிதைக்கும். கிணற்றிலோ தொட்டியிலோ மருந்து இட்டால், குளோரின் வாடை போகும் வரை சாப்ட்னரைச் சுற்றுவழியில் விட வேண்டும்.

கழிவுநீர் எங்கே போகிறது?

மூன்று நாட்களுக்கு ஒரு முறை இரண்டரை கிலோ என்றால், ஆண்டுக்குச் சுமார் 300 கிலோ உப்பு ஆகிறது. இதைத் தென்னை மரத்தடியிலோ வாழைப் பாத்தியிலோ விட்டால், மண்ணில் சோடியம் சேரும். மண் துகள்கள் பிரிந்து, மேல் மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் தேங்கும். இலை ஓரங்கள் கருகும். எலுமிச்சை, அவரை, வாழை ஆகியவை விரைவில் பாதிக்கப்படும். தென்னை சற்றுத் தாங்குவதால், கேடு தாமதமாகவே கண்ணுக்குத் தெரியும்.

சாப்ட்னர் நீரும் பாசனத்துக்கு ஏற்றதன்று. நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லி கிராம் கடினத் தன்மைக்கும் 46 மில்லி கிராம் சோடியம் நீரில் சேருகிறது. மண்ணுக்கு நன்மை தரும் கால்சியம் போய், கேடு செய்யும் சோடியம் வருகிறது. சொட்டு நீர்க் குழாயில் சுண்ணாம்பு அடைக்கிறது என்பதற்காகச் சாப்ட்னரை நாடக் கூடாது. அதற்கு முறையான அமிலச் சுத்திகரிப்பே வழி. இரத்த அழுத்த நோயாளிகள் சாப்ட்னர் நீரைக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நலம்.

எனவே தோட்டத்துக்கும் மாடுகளுக்கும் சாப்ட்னருக்கு முன்பிருந்தே தனிக் குழாய் எடுத்து விட வேண்டும். சாப்ட்னர் வழியே செல்லும் நீர் பாதியானால் உப்பும் பாதியாகும், கழிவும் பாதியாகும். கழுவலின் தொடக்கத்தில் வரும் பின்னோட்ட நீர் சாதாரணக் கிணற்று நீரே. கையால் இயக்கும் கருவியில் அதைத் தனியாகப் பிடித்து மரங்களுக்கு விடலாம். அடுத்து வரும் உப்புக் கரைசலைச் சாக்கடை வசதி இருந்தால் அதில் விடலாம். இல்லாவிடில், கிணற்றுக்கும் பயிருக்கும் எட்டத்தில், சிமெண்டு பூசிய அல்லது தார்ப்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் விட்டு வெயிலில் ஆவியாக்க வேண்டும். மழை நீர் அதில் சேராமல் கரை எழுப்ப வேண்டும். கால்நடைகள் குடிக்காமல் வேலியும் வேண்டும்.

ஏற்கெனவே கழிவுநீர் பாய்ந்து கெட்ட நிலத்தில், முதலில் பாய்ச்சலை நிறுத்தி, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை முடிவின்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி, வடிகால் வழியே உப்பை வெளியேற்றினால் மண்ணை மீட்கலாம். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் இடுவதால் பயனில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

தொட்டியில் உப்பைப் பாதி முதல் முக்கால் அளவு வரை மட்டும் நிரப்புக. மாதம் ஒரு முறை மரக் கம்பால் குத்திப் பார்க்க. ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியைக் காலி செய்து கழுவுக. உப்பு போட்ட நாளையும் அளவையும் நாட்காட்டியில் குறித்து வைத்தால், செலவு திடீரெனக் கூடுவதும் குறைவதும் உடனே தெரிந்து விடும். கிணற்று நீரின் கடினத் தன்மையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் அறிந்து கொள்ளலாம். கோடையில் ஒரு முறையும் மழைக் காலத்துக்குப் பின் ஒரு முறையும் சோதித்து, அதற்கேற்பக் கழுவும் நாட்களை அமைத்துக் கொண்டால் உப்பும் நீரும் வீணாகா. கொல்லையில் உள்ள மரம், செடிகளும் பிழைக்கும்.