பெத்லென் காபோர்

பெத்லென் காபோர் (15 நவம்பர் 1580 – 15 நவம்பர் 1629) என்பவர் 1613 முதல் 1629 வரை திரான்சில்வேனியாவை ஆட்சி செய்த அங்கேரிய இளவரசர் ஆவார். 1620-இல் அங்கேரியின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் முடிசூட்டிக் கொள்ளவில்லை. அங்கேரிய வழக்கப்படி இவரது பெயரில் குடும்பப் பெயரான பெத்லென் முதலில் வருகிறது.

இளமையும் பதவியேற்பும்

இவர் மரோசில்யே என்ற ஊரில் (தற்போது உருமேனியாவிலுள்ள இலியா) பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். இளவரசர் பாத்தோரி காபோரின் ஆதரவாளராக இருந்த இவர், பின்னர் அவருடன் முரண்பட்டு உதுமானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்தார். 1613-இல் உதுமானியப் படையின் துணையுடன் திரும்பினார். அவ்வாண்டு அக்டோபரில் கொலோசுவாரில் கூடிய நாட்டுமன்றம் இவரை இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. இந்த உதவிக்கு ஈடாக லிப்பா கோட்டையைச் சுல்தானுக்கு அளிக்க வேண்டியிருந்தது. கோட்டைக் காவலர்கள் பணிய மறுத்ததால், 1616-இல் தமது கோட்டையைத் தாமே முற்றுகையிட்டுக் கைப்பற்றி ஒப்படைத்தார்.

முப்பதாண்டுப் போர்

கால்வினியரான பெத்லென், 1619-இல் பொகீமியாவின் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு ஆதரவாக ஆப்சுபர்க்கு அரசமரபை எதிர்த்துப் போரில் இறங்கினார். காசா, பொசோனி நகரங்களைக் கைப்பற்றியதுடன், அங்கேரியின் திருமுடியும் இவர் வசமானது. பொகீமியப் படையுடன் இணைந்து வியன்னாவை நெருங்கினார். ஆனால் மேல் அங்கேரியில் போலந்துக் கூலிப்படை புகுந்ததால் பின்வாங்க நேர்ந்தது.

25 ஆகத்து 1620 அன்று பெசுதெர்செபானியாவில் கூடிய மன்றம் இவரை அரசராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் வெள்ளை மலைச் சண்டையில் பொகீமியர் தோற்றதால் இவர் கூட்டாளியை இழந்தார். 31 திசம்பர் 1621 அன்று நிக்கல்சுபர்க்கு உடன்படிக்கையில் அரசப் பட்டத்தைத் துறந்து, திருமுடியைத் திருப்பித்தர இசைந்தார். மாற்றாக, ஏழு மாவட்டங்களை வாழ்நாள் முழுவதும் ஆளும் உரிமையைப் பெற்றார். 1623-இலும் 1626-இலும் மீண்டும் போரிட்டார். இரு முறையும் உடன்படிக்கையிலேயே முடிந்தது.

உள்நாட்டு ஆட்சி

- 1622-இல் தலைநகர் கியுலாபெகேர்வாரில் உயர்கல்விக் கழகம் நிறுவப்பட்டது. செருமானியக் கவிஞர் மார்ட்டின் ஓபிட்சு இங்குக் கற்பித்தார்.
- பண்ணையடிமைகளின் பிள்ளைகள் பள்ளி செல்வதை நிலவுடைமையாளர்கள் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டது.
- 1623-இல் யூதர்களுக்குக் குடியிருப்பு, வணிக உரிமைகள் வழங்கப்பட்டன.

இறுதிக்காலம்

முதல் மனைவி சுசன்னா காரோயி 1622-இல் இறந்தார். 1626-இல் பிராண்டன்பர்க்கின் கேத்தரீனை மணந்தார். தமது 49-ஆவது பிறந்த நாளன்று பெத்லென் காலமானார். இவருக்கு வாரிசு இல்லாததால் கேத்தரீன் ஆட்சிக்கு வந்தார். எனினும் அடுத்த ஆண்டே பதவி விலகினார்.