மூன்று கொட்டாங்குச்சியும் ஒரு புளியங்கொட்டையும்

குழந்தைகளே, டிவியில் போட்டி நிகழ்ச்சி ஓடும்போது நீங்கள் யாரைப் பார்ப்பீர்கள்? போட்டியில் கலந்துகொள்பவரைத்தானே? அவர் நெற்றியில் வியர்ப்பது, கூட வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாமியை வேண்டுவது, ஜெயித்ததும் துள்ளிக் குதிப்பது... ஊரே அதைத்தான் பார்க்கிறது.

நான் மட்டும் தொகுப்பாளரைப் பார்ப்பேன். "இவருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். எங்கள் வீட்டில் இதற்கு ஆதரவே கிடையாது. "வாத்தியார் வேலையை ஸ்கூலோட விட்டுட்டு வந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்று சொல்லி, என் மனைவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

இருந்தாலும் சொல்கிறேன். தொகுப்பாளர் என்றால் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பவர், கடைசியில் செக் கொடுப்பவர், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்து நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பே இரண்டு மடங்காக மாறலாம்! இதை நம்பாமல் நானே ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1998-ம் வருடம். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க மாமா ஒரு புதிர் சொன்னாரு. கேக்கட்டுமா?" என்றாள். புதிர் இதுதான்.

ஒரு டிவி போட்டி. மேடையில் மூன்று கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் கார் நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் பின்னால் ஆடு. (பெருநகரில் ஆடு கிடைத்தாலும் லாபம்தான்! ஆனால் புதிரில் ஆடு வந்தால் தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நீங்கள் ஒரு கதவைக் காட்டுகிறீர்கள். கார் எங்கே என்று தொகுப்பாளருக்குத் தெரியும். அவர் நீங்கள் காட்டாத இரண்டு கதவுகளில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, "இப்போது வேண்டுமானால் கதவை மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். மாற்றுவது நல்லதா, மாற்றாமல் இருப்பது நல்லதா?

"இதுல என்னம்மா இருக்கு? மிச்சம் இருக்கிறது ரெண்டு கதவு. பாதிக்குப் பாதி. மாத்தினாலும் ஒண்ணுதான், மாத்தலைன்னாலும் ஒண்ணுதான்" என்றேன்.

"இல்ல சார், மாத்தினாதான் நல்லதுன்னு மாமா சொன்னாரு" என்றாள். "உங்க மாமாவை வந்து பாடம் எடுக்கச் சொல்லு" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் தெரிந்தது, இந்தப் புதிரில் சறுக்கியது நான் மட்டும் இல்லை என்று. அமெரிக்காவில் மான்டி ஹால் என்று ஒரு தொகுப்பாளர் இருந்தார். கனடாவில் பிறந்தவர். 1963-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். கதவுகள், திரைகள், பெட்டிகள் இவற்றை வைத்து ஆடும் ஆட்டம் அது. அதைப் பார்த்து உருவானதுதான் இந்தப் புதிர். 1990-ம் ஆண்டு செப்டம்பரில் மேரிலின் வாஸ் சாவன்ட் என்ற பெண்மணி, 'பரேடு' என்ற பத்திரிகையில் தன் கேள்வி-பதில் பகுதியில் இதற்குப் பதில் எழுதினார். "மாற்றுவதுதான் நல்லது" என்பது அவர் பதில்.

அவ்வளவுதான், வந்து குவிந்தன கடிதங்கள்! சுமார் 10,000. பெரும்பாலும் திட்டுக் கடிதங்கள். அதில் ஏறக்குறைய ஆயிரம் கடிதங்கள் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. கணக்குப் பேராசிரியர்களும் அதில் உண்டு. ஹங்கேரி நாட்டின் மாபெரும் கணித மேதை பால் எர்டோஷ்கூட முதலில் இதை ஒப்புக்கொள்ளவில்லையாம். கம்ப்யூட்டரில் பலமுறை ஆடிக் காட்டிய பிறகுதான் நம்பினாராம்.

அந்தப் பெண்மணி என்ன செய்தார் தெரியுமா? பேராசிரியர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடங்களில் இதை ஆடிப் பார்க்கச் சொல்லிவிட்டார். நாடு முழுவதும் உங்களைப் போன்ற பிள்ளைகள் வகுப்பறையில் ஆடி, எண்ணி, கணக்கெழுதி அனுப்பினார்கள். பேராசிரியர்கள் தப்பு, பெண்மணி சரி!

நீங்களும் ஆடிப் பார்க்கலாம். கார் வேண்டாம், ஆடும் வேண்டாம். மூன்று கொட்டாங்குச்சி, ஒரு புளியங்கொட்டை போதும். நான் ஓய்வு பெற்ற பிறகு, கோடை விடுமுறைக்கு வந்த என் பேத்தியுடன் திண்ணையில் உட்கார்ந்து ஆடினேன். அவள்தான் தொகுப்பாளர். நான் திரும்பிக்கொள்வேன். அவள் ஒரு கொட்டாங்குச்சிக்கு அடியில் புளியங்கொட்டையை வைப்பாள். நான் ஒன்றைத் தொடுவேன். மற்ற இரண்டில் காலியாக இருக்கும் ஒன்றை அவள் தூக்கிக் காட்டுவாள். 30 ஆட்டம் ஆடினோம். முதலில் தொட்டதையே பிடித்துக்கொண்டிருந்தால் 11 ஆட்டத்தில் ஜெயித்திருப்பேன். மாற்றியிருந்தால் 19!

ஏன் அப்படி? நீங்கள் முதலில் தொடும் கொட்டாங்குச்சி தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூன்றில் இரண்டு பங்கு. நீங்கள் தப்பாகத் தொட்டுவிட்டால் தொகுப்பாளரின் நிலைமையைப் பாருங்கள். நீங்கள் தொட்டதை அவர் தூக்கக்கூடாது. புளியங்கொட்டை இருப்பதையும் தூக்கக்கூடாது. மிச்சம் இருக்கும் ஒரே ஒன்றைத்தான் தூக்கியாக வேண்டும். அப்படியானால் அவர் தூக்காமல் விட்டதில்தானே கொட்டை இருக்கும்? ஆக, மூன்று ஆட்டத்தில் இரண்டில் அவர் வாயைத் திறக்காமலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? நூறு கொட்டாங்குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றைத் தொட்டதும், விஷயம் தெரிந்த தொகுப்பாளர் 98 காலிக் கொட்டாங்குச்சிகளைத் தூக்கிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார். இப்போது எதை எடுப்பீர்கள்?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. "தாத்தா, நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கினா?" என்று கேட்டாள் பேத்தி. நல்ல கேள்வி! அதாவது, கொட்டை எங்கே என்று தெரியாத தொகுப்பாளர். கொட்டையை அவள் பாட்டி வைத்தார். நான் ஒன்றைத் தொட்டதும், இவள் கண்ணை மூடிக்கொண்டு மற்ற இரண்டில் ஒன்றைத் தூக்கினாள். 30 ஆட்டத்தில் 11 முறை கொட்டையே வெளியே வந்துவிட்டது. அந்த ஆட்டங்களைத் தள்ளிவிட்டோம். மிச்சம் 19. அதில் மாற்றாமல் இருந்தால் 9 வெற்றி, மாற்றினால் 10. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி!

அதே கொட்டாங்குச்சி, அதே புளியங்கொட்டை. மாறியது ஒன்றே ஒன்றுதான். தூக்குகிறவருக்குத் தெரியுமா, தெரியாதா?

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சன் டிவியில் ரிஷி தொகுத்து வழங்கிய 'டீலா நோ டீலா' உங்கள் அப்பா அம்மாவுக்கு நினைவிருக்கும். மூடிய பெட்டிகளுக்குள் பணத்தொகை. போட்டியாளர் ஒரு பெட்டியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். எதற்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. குருட்டாம்போக்கில்தான் சொல்வார். அதனால் கடைசி இரண்டு பெட்டிகள் மிஞ்சும்போது மாற்றுவதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பார்ப்பதற்கு மான்டி ஹால் புதிர் மாதிரியே இருக்கும். கணக்கோ வேறு! இதைச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்களே.

தெரிந்தவர் கையில் குலுக்கலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைத் தேர்தல் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். ஊரில் 30 குடும்புகள். அதாவது இப்போதைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கிச் சபை முழுவதற்கும் காட்டுவார்.

குடத்தில் கைவிட்டு எடுப்பது யார்? தலைவரா, பெரியவரா, அரசு அதிகாரியா? இல்லை, ஒரு சிறுவன்! உங்கள் வயதுப் பையன். உள்ளே எது எது என்று ஒன்றும் தெரியாத பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது விதி. அவன் ஒரு கட்டை எடுத்ததும், அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை வைத்திருந்து மாற்றிவிடக்கூடாது அல்லவா? பிறகு அவர் உரக்கப் படிப்பார். கூடியிருக்கும் நம்பிமார்களும் படிப்பார்கள். எவ்வளவு சந்தேகம் பாருங்கள்! எனக்கு அந்தச் சந்தேகம் ரொம்பப் பிடித்திருக்கிறது. உத்திரமேரூர் போனால், அந்தச் சுவர் முன்னால் நின்று அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன்.

தெரிந்த தொகுப்பாளர் வேண்டுமென்றே ஏமாற்றவும் முடியும். 1991-ல் ஒரு நியூயார்க் டைம்ஸ் நிருபர் மான்டி ஹாலின் வீட்டுக்கே போய் இந்தப் புதிரைப் பற்றிக் கேட்டார். மான்டி ஹால் அவருடன் ஆடிக் காட்டினார். நிருபர் தப்பான கதவைக் காட்டினால் உடனே திறந்து ஆட்டத்தை முடித்துவிடுவார். சரியான கதவைக் காட்டினால் மட்டும், மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆசை காட்டுவார். அப்போது மாற்றுபவர் தோற்றுப் போவார்! எப்போதும் ஓர் ஆட்டுக் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று அவருக்கு விதி இருந்தால்தான் நம் கணக்கு செல்லும். ஆகவே, விளையாடும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கொசுறுச் செய்தி. 2010-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புறாக்களுக்கு இந்த விளையாட்டைக் கொடுத்தார்கள். பரிசு, தானியம். சில வாரங்களில் புறாக்கள் ஏறக்குறைய எப்போதும் மாற்றிக் கொத்தப் பழகிவிட்டன. கல்லூரி மாணவர்களோ பலமுறை ஆடிய பிறகும் அந்த அளவுக்குத் தேறவில்லை!

அந்த மாணவிக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று எங்கள் ஊர்ச் செய்யாற்றில் சுற்றுவட்டாரக் கோவில் சாமிகள் எல்லாம் வந்து கூடும். ஆற்றில் தலைகளாகத்தான் தெரியும். அந்தக் கூட்டத்தில் போன வருடம் ஒரு பெண், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கும்பிட்டாள். கையில் பத்து வயதுப் பையன். யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அந்த மூணு கதவுப் புதிர் ஞாபகம் இருக்காம்மா? நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஞாபகம் இருக்கு சார். அதுக்கப்புறம் கணக்கு வகுப்புல நான் கையே தூக்கலையே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சாமி ஊர்வலத்து மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அது என்னம்மா புதிர்?" என்று பையன் அவள் கையை இழுத்தான். நான் அவனைப் பொரிக்கடை ஓரமாக அழைத்துப் போனேன். கொட்டாங்குச்சிக்கு எங்கே போவது? கடைக்காரரிடம் மூன்று பேப்பர் கப் வாங்கி மணலில் கவிழ்த்தேன். ஒன்றின் அடியில் ஒரு பட்டாணியை வைத்தேன். அவன் நடுவில் இருந்ததைத் தொட்டான். நான் இடது பக்கக் கப்பைத் தூக்கினேன். காலி.

"மாத்திக்கிறியாப்பா?" என்றேன்.

அவன் கப்பைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான். "தாத்தா, பட்டாணி எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.