பாயிண்ட் ஏறினால் போதுமா, விழாமல் இருக்க வேண்டாமா?

முதியவர்களுக்கு வீடியோ கேம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நின்டெண்டோவின் 'வீ ஃபிட்'. 2007 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்த விளையாட்டோடு, எடை பார்க்கும் மெஷின் போன்ற வெள்ளைப் பலகை ஒன்றும் வந்தது. அதன் நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கும். ஏறி நின்று உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்தால், திரையில் உள்ள மேசையும் சாயும். அதன் மேல் உருளும் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் விலை உயர்ந்த கருவியோடு ஒப்பிட்டாலும் இந்தப் பலகையின் அளவீடு நம்பகமானதே என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பிறகென்ன, பிசியோதெரபி மையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் பலகை நுழைந்தது. சில வாரம் ஆடியதில் பேலன்ஸ் பரிசோதனையில் பாயிண்ட் ஏறியது என்று சிறு சிறு ஆய்வுகள் வந்துகொண்டே இருந்தன.

பாயிண்ட் ஏறுவது நல்லதுதான். ஆனால் எழுபது வயதுக்காரர் பாயிண்டுக்காகப் பயிற்சி செய்வதில்லை, விழாமல் இருப்பதற்காகச் செய்கிறார். கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் முதியவர்களே அதிகம். ஆகவே இந்த விளையாட்டுகளை எடைபோட நியாயமான அளவுகோல் ஒன்றுதான்: ஆடியவர்கள் அடுத்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார்கள்? பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் போதிய பதில் இல்லாமலே பலகைகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன.

ஓரளவு தெளிவான பதில் 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து, 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, வீட்டில் வசிக்கும் 769 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வயர்லெஸ் மேட். திரையில் வருவதைப் பார்த்து அதன்மேல் காலெடுத்து வைத்து ஆட வேண்டும். இரண்டாவது குழு உட்கார்ந்தபடி டச்பேடில் ஆடியது. மூன்றாவது குழுவுக்கு ஒரு கையேடு மட்டும். விளையாடிய இரு குழுக்களுக்கும் சொல்லப்பட்ட நேரம் வாரம் 120 நிமிடம். ஓராண்டு கணக்கில், மேட்டில் கால் வைத்து ஆடியவர்கள் விழுந்த விகிதம் கையேடு வாங்கியவர்களைவிட 26 சதவீதம் குறைவு. உட்கார்ந்து ஆடியவர்களிடமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான்.

கால் எடுத்து வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது? தடுக்கியதும் மனிதரைக் காப்பாற்றுவது, சட்டென்று சரியான திசையில் வைக்கும் ஓர் அடி. எங்கே வைப்பது என்று மூளை முடிவெடுக்கத் தாமதித்தால் தொடையில் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருந்தவர்களைக் கவனித்த சுவீடன் ஆய்வாளர்கள், நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறவர்களே பின்னாளில் அதிகம் விழுந்தார்கள் என்று 1997இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நடையும் யோசனையும் சேர்ந்து ஓடாத உடம்பு அது. மேட் ஆட்டம் பாண்டி ஆடுவது போன்றதுதான்; கட்டம் மட்டும் நொடிக்கு நொடி மாறும். கண் பார்க்க, மூளை தேர்ந்தெடுக்க, கால் போக, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. பாதம் பெயராமல் பலகைமேல் சாய்ந்தாடுவதில் இந்த அடி இல்லவே இல்லை.

ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரு முரணும் உண்டு. மேட்டில் ஆடியவர்களின் உடல்திறன், அறிவுத்திறன் பரிசோதனைகளில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. எதுவுமே கூடாதபோது விழுவது மட்டும் எப்படிக் குறையும், அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புள்ளியியல் கணக்குப்படி உண்மையான பலன் 2 சதவீதமாகவும் இருக்கலாம், 44 சதவீதமாகவும் இருக்கலாம். இந்த ஒற்றை ஆய்வை மட்டும் நம்பி யாரும் மேட் வாங்க வேண்டாம் என்பேன். ஆனால் கால் எடுத்து வைக்கும் பயிற்சி விழுவதைக் கிட்டத்தட்டப் பாதியாக்குகிறது என்று 2017இல் வந்த தொகுப்பாய்வும், 108 ஆய்வுகளை அலசி, உடற்பயிற்சியால் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்ற 2019ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. பரிசோதனை பாயிண்டை மட்டும் பார்த்திருந்தால், பயன் தந்த பயிற்சியை வீண் என்று மூட்டை கட்டியிருப்பார்கள்.

இதற்கு மேட் எதற்கு, தினமும் வாக்கிங் போனால் போதாதா? இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் நடை மட்டுமே விழுவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது அதே காக்ரேன் அறிக்கை. தாய்ச்சி, ஆசிரியர் முன் செய்யும் பேலன்ஸ் பயிற்சி இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பக்கத்தில் வகுப்பு இருந்து, போய்வர வசதியும் இருப்பவருக்கு மேட் தேவையே இல்லை. வெளியே போக முடியாதவருக்கும், கூடத்தில் தனியாகப் பயிற்சி செய்து பத்தே நாளில் சலித்துப்போகிறவருக்கும்தான் அது. வீட்டில் தனியாக ஆடும்போது விழுந்து வைத்தால் என்ற பயமும் நியாயமானதே. ஆஸ்திரேலிய ஆய்வில் பயிற்சியால் பெரிய ஆபத்து எதுவும் பதிவாகவில்லை என்றாலும், பிடித்துக்கொள்ள ஒரு கனமான நாற்காலி பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அங்கே ஆடியவர்கள் வீட்டில் வசிப்பவர்கள். துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாதவருக்கும், மறதி நோய் முற்றியவருக்கும் அந்த 26 சதவீதத்தைக் காட்டி மேட் விற்பது நியாயமில்லை.