டிராக்டர் கிளம்பாமைக்குக் காரணங்கள்

வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் பிசான சாகுபடிக்கு உழவு தொடங்குங்காலத்தில், நெடுநாள் கொட்டகையில் நின்ற டிராக்டர் சாவியைத் திருப்பினாலும் கிளம்பாமற்போவதுண்டு. ஈரம் காயுமுன் உழவேண்டுமென்ற அவசரத்தில், உடையவர்கள் சாவி ஸ்விட்சையே குறைகூறி மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வீண் செலவு.

சாவி வழியே செல்வது சொற்ப மின்சாரமே. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர், பாட்டரியிலிருந்து தடித்த கம்பி மூலமாகவே வருகிறது. ஆகையால் முன்விளக்கை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்கவேண்டியது. விளக்கு மிகவும் மங்கி, 'டக் டக்' என்ற ஓசை மட்டும் எழுந்தால், பாட்டரி பலங்குன்றியிருக்கும். அல்லது அதன் முனைகளில் உப்பு பூத்திருக்கும். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எர்த் கம்பியை முதலிற் கழற்றிக் கடைசியில் மாட்டுக. முனைகளைச் சமையல் சோடா கரைத்த நீரால், அறைகளுக்குள் புகாவண்ணம் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலைன் பூசுக.

விளக்கு மங்காமலும் ஓசை எழாமலும் இருந்தால் ப்யூஸையும், கிளட்ச் மிதியோடு சேர்ந்த காப்பு ஸ்விட்சையும் பார்த்தபின்னரே சாவி ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். மோட்டார் நன்றாய்ச் சுழன்றும் யந்திரம் பற்றாவிடில், டீசல் குழாயில் காற்று புகுந்துள்ளதாவென்று பார்க்க.

கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டு முறிந்த காலம் போகவே, 1912-இல் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. இன்றோ சிலர் தரையில் நின்று, ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்புகின்றனர். கியர் விழுந்திருப்பின் வண்டி அக்கணமே பாய்ந்து அவர்மேல் ஏறிவிடும். கிராம உத்தியோகஸ்தர்களும் இதைக் கண்டவிடத்துத் தடுக்கவேண்டும். கியரை நடுநிலையில் வைத்து, ஆசனத்தில் அமர்ந்தபின்னரே சாவியைத் திருப்பவேண்டியது.