முன்கோபமா, முன்னறிகுறியா?

மாதத்தில் இருபது நாட்களுக்கு மேலாக மலர்ந்த முகத்துடன் வீட்டை நடத்தும் இல்லாள், ஒரு நாள் காரணமின்றிச் சிடுசிடுக்கத் தொடங்குகிறாள். குழந்தை கைதவறிப் போட்ட கோப்பைக்காகக் கை ஓங்குகிறாள். பின்பு அடுப்படியில் தனியே நின்று கண்ணீர் விடுகிறாள். “இன்றைக்கு அம்மாவோடு வாய் கொடாதே” என்று மூத்த பிள்ளை இளையதை எச்சரிக்கிறது. கணவரோ, “இவளுக்கு முன்கோபம்” என்று கூறிவிட்டுப் பத்திரிகையை விரிக்கிறார். நாலைந்து நாட்கள் கழிகின்றன. மாதவிடாய் தோன்றுகிறது. மழை ஓய்ந்த வானம் போல அவள் மனமும் தெளிகிறது. சென்ற நாட்களை எண்ணி அவளே வெட்கமுறுகிறாள்.

அவள் வெட்கமுறுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை. நாம் முன்கோபம் என்று தள்ளிவிடுவது பல இடங்களிலே உடல் தரும் முன்னறிகுறியாகும். மேனாட்டு வைத்தியர் இதனை மாதவிடாய்க்கு முந்திய நோய்க்குறித்தொகுதி என்பர். எரிச்சல், அழுகை, சோர்வு, நித்திரைக் குழப்பம் என்பன ஒருபுறம். மார்பு கனத்து நோதல், வயிறு பொருமுதல், கைகால் வீங்குதல், தலையிடி என்பன மறுபுறம். இவை மாதவிடாய்க்கு முந்திய ஒன்றிரண்டு வாரங்களிலே தோன்றி, மாதவிடாய் தொடங்கிய சில நாட்களுள் நீங்கிவிடும். நியூயோர்க் நகர வைத்தியர் றொபேட் பிராங்க் 1931ஆம் ஆண்டில் இதனை மாதவிடாய்க்கு முந்திய இறுக்கம் எனப் பெயரிட்டு எழுதினார். 1953இல் கதரீனா டால்ற்றன், றேமண்ட் கிறீன் என்னும் இருவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே இன்று வழங்கும் பெயரை நிலைநாட்டிற்று.

மேனாட்டிலே பெயர் பெறுவதற்கு இத்தனை காலஞ் சென்ற ஒரு துன்பத்தைச் சீன தேசத்து வைத்தியர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை ஆராய்வது பயன் தரும். அவர்கள் பண்டு இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றும் இட்டாரல்லர். மாதவிடாயைச் சார்ந்த பிணிகளுள் ஒன்றாகவே வைத்துப் பார்த்தனர். ஆயினும் அவர்கள் கண்ட விளக்கம் நம் சிந்தனைக்கு உரியது.

பழைய நூல்களில் மாதர் வைத்தியம்

சீன வைத்தியத்தின் முதனூல், மஞ்சட் பேரரசரின் பெயரால் வழங்கும் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்பது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட இந்நூல், பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகப் பகுக்கிறது. 7 வயதிலே பற்கள் மாறும். 14 வயதிலே ‘ரென்’ என்னும் நாடி திறந்து, ‘சொங்’ என்னும் நாடி நிறைந்து, மாதவிடாய் தோன்றும். 49 வயதிலே அது வற்றும். மாதவிடாய் இங்கே உடல் முழுவதையும் தழுவிய ஓர் ஓட்டமாகக் கருதப்படுகிறது.

ஏழாம் நூற்றாண்டில், தாங் மரபினர் ஆண்ட காலத்தில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்னும் பெருவைத்தியர், மனித உயிர் ஆயிரம் பொன்னினும் மேலானது என்னும் கருத்தமைய ஒரு பெருநூல் இயற்றினார். அதிலே பெண்களுக்குரிய மருந்துகளை முன்னிடத்தில் வைத்தார். பெண்களின் பிணியைத் தீர்த்தல் ஆண்களின் பிணியைத் தீர்ப்பதினும் பத்து மடங்கு அரிது என்றும் எழுதினார். 1237ஆம் ஆண்டிலே சென் சிமிங் என்பார் மாதர் வைத்தியத்துக்கென்றே ஒரு நிறைநூல் செய்தார். இவர்களின் கூற்றுக்களிலே பெண் பெரிதும் உணர்ச்சிவயப்பட்டவள் என்னும் அக்காலத்து எண்ணமும் கலந்துள்ளது. அதனை நாம் மறைத்தல் கூடாது. எனினும், ‘அது வெறுங் குணம்’ என்று சொல்லி அவர்கள் நோயாளியைத் திருப்பி அனுப்பவில்லை. மருந்து தேடினர்.

கல்லீரலும் கோபமும்

சீன வைத்தியத்தின் நடுநாயகமான சொல் ‘சி’ என்பது. உடலெங்கும் ஓடி அதனை இயக்கும் ஆற்றலை அது குறிக்கும். நம் வைத்தியர் கூறும் வாயுவுக்கு முற்றும் ஒப்பன்றாயினும், விளக்கத்தின் பொருட்டு அதனை உயிர்வளி என்போம். இவ்வுயிர்வளி தடையின்றி ஓடுமாறு காப்பது கல்லீரலின் தொழில். குருதியைச் சேமித்து வைப்பதும் அதுவே. கல்லீரலுக்குரிய உணர்ச்சி கோபம். கல்லீரல் என்று அவர்கள் கூறுவது நாம் உடற்கூற்று நூலிற் காணும் உறுப்பை மாத்திரமன்று, ஒரு தொகுதித் தொழில்களையாம் என்பதை மறத்தலாகாது.

மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலே குருதி கருப்பையை நோக்கித் திரள்கிறது. அதனாற் கல்லீரல் தன் குருதியில் ஒரு பகுதியை இழந்து வறள்கிறது. முன்னரே மனத்தாங்கலும் ஓய்வின்மையும் சொல்லி ஆற்றாத துயரும் உடையவளாயின், அந்நாட்களில் உயிர்வளியின் ஓட்டம் தடைப்படுகிறது. மதகு அடைபட்ட வாய்க்காலிலே நீர் தேங்கிக் கரையை முட்டுவது போல, தேங்கிய வளி விலாவையும் மார்பையும் முட்டி நோவு தருகிறது, மேலெழுந்து தலையிடியாகிறது, மனத்தை முட்டிக் கோபமாக வெளிப்படுகிறது. மாதவிடாய் வந்ததும் தேக்கம் உடைகிறது, துன்பம் தணிகிறது. இத்துன்பம் ஏன் முன்னே தோன்றிப் பின்னே மறைகிறது என்பதற்கு அவர்கள் கூறும் காரணம் இது.

வயிற்றுப் பொருமலுக்கும் வீக்கத்துக்கும் வேறொரு காரணங் கூறுவர். ஐம்பூதக் கணக்கிலே கல்லீரல் மரம், மண்ணீரல் மண். நம் மொழியிலே மண்ணீரல் என்னும் பெயரிலேயே மண் இருப்பது ஓர் இனிய ஒற்றுமை. அளவுமீறிய மரம் மண்ணை வருத்துவது போல, அடைபட்ட கல்லீரல் மண்ணீரலைத் தாக்குகிறது. உணவைச் சமைத்து நீரைப் பகிர்ந்தளிப்பது மண்ணீரலின் தொழிலாதலால், அது தளர்ந்தவிடத்து நீர் தங்கி உடல் கனக்கிறது. நெஞ்சத்துக்குச் செல்லும் குருதி குறையின், நித்திரை கெட்டு வீணே அழுகை வரும்.

ஆகவே, கோபிப்பவளுக்கு ஒரு மருந்தும், வீங்குபவளுக்கு வேறொரு மருந்தும், உறக்கமின்றி அழுபவளுக்கு மற்றொரு மருந்தும் கொடுப்பர். இரு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில் நாடி பார்த்து, நாவின் நிறத்தையும் நோக்கியே இதனைத் தீர்மானிப்பர். உடல்நோயா, மனநோயா என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. மார்பின் நோவும் மனத்தின் சினமும் ஒரே தேக்கத்தின் இரு வெளிப்பாடுகள். இவ்வொரு கருத்தையே நாம் இவ்வைத்தியத்தின் தலையாய பேறாகக் கருதுகிறோம்.

கவலையற்ற உலாவல்

இத்தேக்கத்தை நீக்கப் பெயர்பெற்ற மருந்து ‘சியாவோ யாவோ சான்’ என்பது. கவலையற்று உலாவச் செய்யும் தூள் என்று அதற்குப் பொருள் கூறலாம். ஞானி சுவாங் சியின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலும் இச்சொல்லே உண்டு. 1076இல் சொங் மரபு அரசாங்கம் தலைநகரிலே ஒரு மருந்தகத்தைத் திறந்தது. அவ்வரச மருந்தக மரபில் எழுந்த மருந்தேட்டிலே இத்தூளின் செய்முறை காணப்படுகிறது. சாய்ஹூ, தங்குவெய், வெண்பியோனி ஆகியவற்றின் வேர்கள், பைசு என்னும் கிழங்கு, பைன் மரத்து வேரில் விளையும் ஒருவகைக் காளான் ஆகியவற்றுடன் நம் வீடுகள் அறிந்த அதிமதுரம், இஞ்சி, புதினா என்பனவும் அதிற் சேரும். சாய்ஹூ தேக்கத்தை அவிழ்க்கும். தங்குவெய்யும் பியோனியும் குருதியை ஊட்டும். பைசுவும் காளானும் மண்ணீரலைத் தாங்கும் என்பது அவர்கள் கொள்கை. பதினாறாம் நூற்றாண்டிலே சுவே சி என்னும் வைத்தியர் மேலும் இரு சரக்குகளைச் சேர்த்துச் சூடு மிகுந்தவர்க்கு ஏற்றதாக்கினார். அம்மருந்து யப்பானிலும் வழங்குகிறது.

மருந்தோடு ஊசி வைத்தியமும் உண்டு. காற்பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட எலும்புகளின் நடுவே கல்லீரல் நாடிக்குரிய இடம் ஒன்று உளது. உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே மற்றோரிடம் உளது. இவ்விடங்களில் மெல்லிய ஊசி செலுத்துவர். விரலால் அழுத்துதலும் உண்டு.

நம்பத்தக்கது எவ்வளவு?

அழகான விளக்கம் யாவும் உண்மையான விளக்கம் ஆகிவிடாது. இன்றைய உடலியல் இத்துன்பத்தின் மூலத்தைக் கல்லீரலிற் காணவில்லை. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்து ஆய்வாளர் ஓர் உண்மையை வெளியிட்டனர். சூலகத்தின் தொழிலை மருந்தால் அடக்கியபோது இத்துன்பமுடைய பெண்களிற் பலர் குணமடைந்தனர். அவ்வாறு குணமடைந்தோருக்குப் பெண்மை ஓமோன்களை மீண்டும் கொடுத்தபோது துன்பம் திரும்பிற்று. அதே ஓமோன்களைப் பெற்ற ஏனைய பெண்களுக்கு யாதும் நேரவில்லை. எனவே ஓமோன் மிகுதியன்று, அதன் ஏற்றத்தாழ்வுக்கு மூளை காட்டும் கூருணர்வே காரணம் என்பது தெளிவாகிறது. 2013இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இதன் கடுமையான வகையைத் தன் நோய்ப்பட்டியலிலே சேர்த்துக்கொண்டது.

சீன மருந்துகளின் பயனோ இன்னும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆய்வுகளை நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2009இல் மூலிகைகளைப் பற்றிப் போதிய சான்று இல்லை என்றது. 2018இல் ஊசி வைத்தியத்தையும் அழுத்த வைத்தியத்தையும் ஆராய்ந்து, 277 பெண்களைக் கொண்ட ஐந்து சோதனைகளிலிருந்து, நன்மை இருக்கக்கூடும், ஆயினும் சான்று வலுவற்றது என முடிவு கூறியது.

மூலிகை என்றதும் தீங்கற்றது என்று எண்ணுதலும் பிழை. 1990களின் தொடக்கத்திலே பெல்ஜியம் நாட்டில் உடல் மெலியச் சீன மூலிகை கலந்த குளிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக நச்சு மூலிகையொன்று கலந்தமையே காரணம். தங்குவெய், குருதி உறையாதிருக்க உண்ணும் வார்பரின் மருந்தோடு சேரின் குருதிப்பெருக்கை உண்டாக்கலாம். அதிமதுரமும் அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆதலின், வைத்தியரைக் கேளாமல் வாங்கி உண்ணுதல் தகாது. கர்ப்பவதிகள் சிறப்பாக அஞ்சுதல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கது

எனின், இவ்வைத்தியத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மருந்தினும் மேலாக, அதன் நோக்கையே கொள்ளலாம். சினந்தவளைப் பார்த்து ‘இவள் எத்தகையவள்?’ என்று அவ்வைத்தியர் கேட்கவில்லை. ‘இவளிடம் எது தேங்கி நிற்கிறது?’ என்றே கேட்டனர். அக்கேள்வியைக் கேட்கக் கணவனுக்கு நாடி பார்க்கத் தெரிய வேண்டுவதில்லை.

சகோதரிகள் இரண்டு மாதங்களுக்கு ஒரு குறிப்பேட்டிலே நாள்தோறும் தம் உடல்நிலையையும் மனநிலையையும் இரண்டு வரியில் எழுதி வருவாராக. துன்பம் மாதவிடாய்க்கு முன் வந்து, வந்தபின் நீங்குமாயின், அக்குறிப்பேட்டையே வைத்தியரிடம் காட்டலாம். இன்று இதற்குப் பயன்தரும் மருந்துகள் உள. மாதமுழுவதும் சோர்வு நீங்காதிருப்பின் அது வேறு நோயாதலும் கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

வீட்டாரும் அந்நாட்களை நாட்காட்டியிலே அறிந்து வைத்து, அவள் தோளிலிருந்து சுமைகளில் ஒன்றிரண்டையேனும் இறக்கி வைப்பாராக. இரவுச் சமையலைக் கணவர் ஏற்கலாம். மூத்த பிள்ளை இளையதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். “அம்மாவோடு வாய் கொடாதே” என்னும் எச்சரிக்கை, “அம்மாவை இன்றைக்குக் கொஞ்சம் ஆறவிடு” என்று மாறுமாயின், உடைந்த கோப்பையை எண்ணி அவள் அடுப்படியிலே தனியே நின்று அழ வேண்டியதில்லை.