முன்பதிவு செய்தவர்கள் மட்டும்

பிரிட்டன் மக்களவையில் சக உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தொகுதியைச் சொல்வதுதான் மரபு. நான் இங்கே சொல்லப்போகிறவரை நாமும் சௌத்எண்ட் மேற்கு எம்.பி. என்றே வைத்துக்கொள்வோம்.

1983-ல் எஸ்ஸெக்ஸ் பகுதியின் பாசில்டனில் ஜெயித்தவர். கன்சர்வேடிவ் கட்சி கவிழ்ந்துவிடும் என்று பலரும் கணக்குப் போட்டிருந்த 1992 தேர்தல் இரவில், சீக்கிரமே வந்த இவருடைய வெற்றிதான் காற்று எந்தப் பக்கம் என்று காட்டியது. 1997-ல் சௌத்எண்டுக்கு மாறினார். 38 வருடத்தில் ஒருநாள்கூட மந்திரி இல்லை. அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும்.

மந்திரி அல்லாதவர் சட்டம் கொண்டுவருவது அங்கே லேசுப்பட்ட காரியமில்லை. தனிநபர் மசோதாக்களுக்குச் சில வெள்ளிக்கிழமைகள்தான். பிடிக்காத ஒருவர் எழுந்து மதியம் இரண்டரை மணி வரை பேசிக்கொண்டே இருந்தால், அநேகமாக மசோதாவின் கதை முடிந்தது. இவர் இரண்டைக் கரைசேர்த்தார்: குதிரை, கழுதைகளைக் கொடுமையாகக் கட்டிப்போடுவதற்கு எதிரான 1988 சட்டம், குளிரில் விறைக்கும் ஏழை வீடுகளுக்காக 2000-ல் வந்த சட்டம். மற்றபடி எந்த விவாதத்திலும் ‘சௌத்எண்டுக்கு மாநகர் அந்தஸ்து’ என்ற பல்லவியை நுழைத்துவிடுவார்.

என் கவலை வேறு. எம்.பி. தொகுதியில் உட்கார்ந்து குறை கேட்பதை அங்கே ‘சர்ஜரி’ என்கிறார்கள். ஈரம் ஏறிய வாடகை வீடு, நின்றுபோன உதவித்தொகை, மாதக்கணக்கில் தூங்கும் விசா விண்ணப்பம் எல்லாம் அந்த மேஜைக்கு வரும். பச்சை நிறத்தில் கோட்டைக் கதவுச் சின்னம் அச்சிட்ட தாளில் எம்.பி. கடிதம் போனால், அசையாத கோப்பும் கொஞ்சம் அசையும்.

2021 அக்டோபர் 15 அன்று, லீ-ஆன்-சீயில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் சர்ஜரி நடத்திக்கொண்டிருந்தபோது இவர் குத்திக் கொல்லப்பட்டார். வயது 69. மூன்றே நாளில் மாநகர் அந்தஸ்து அறிவிப்பு வந்தது. 2016-ல் யார்க்ஷயரில் ஒரு பெண் எம்.பி.யைக் கொன்றதும் சர்ஜரிக்கு வந்த இடத்தில்தான்.

இப்போது பல எம்.பி.க்கள் இடத்தை முன்கூட்டி வெளியே சொல்வதில்லை. முன்பதிவு வேண்டும்; இல்லையென்றால் ஜூம். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் லீ-ஆன்-சீ கொலையாளி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவனா? தொகுதிக்குக் குடிவரப்போகிறேன் என்று பொய் சொல்லி, முறையாக நேரம் வாங்கிக்கொண்டு வந்தவன். முன்பதிவு அவனைத் தடுக்கவில்லை. ஈரச் சுவரோடு மல்லுக்கட்டும், மின்னஞ்சல் முகவரி இல்லாத பாட்டி எங்கே போய் நேரம் வாங்குவார்?