மலைத் தேசியப் பூங்காக்களில் குடும்ப டிராவல் டிரெய்லர் பயணம்: திட்டமிடல்

டிராவல் டிரெய்லர் என்பது கார் அல்லது பிக்கப் வாகனத்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடு ஆகும். படுக்கை, சமையலடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, நீர்த்தொட்டி ஆகியவை இதனுள் அமைந்திருக்கும். இதற்குச் சொந்த எஞ்சின் கிடையாது. எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக அமைந்த மோட்டார் வீட்டிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகிறது. டிரெய்லரை முகாம் தளத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்து வந்த வாகனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியும். மலைப் பகுதியில் இதுவே இதன் பெரிய நன்மை.

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் அமைந்த தேசியப் பூங்காக்கள் இவ்வகைப் பயணத்துக்குப் பெயர் பெற்றவை. இக்கட்டுரை கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் ஆகிய மூன்று பூங்காக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு குடும்பம் இத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை விளக்குகிறது.

பின்னணி

யெல்லோஸ்டோன் 1872 ஆம் ஆண்டிலும், கிளேசியர் 1910 ஆம் ஆண்டிலும், கிராண்ட் டீட்டன் 1929 ஆம் ஆண்டிலும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. யெல்லோஸ்டோனுக்குள் மோட்டார் கார்கள் 1915 ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டன. கிளேசியர் பூங்காவைக் குறுக்காகக் கடக்கும் 'கோயிங் டு த சன்' சாலை 1933 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. இன்றைய டிரெய்லர்களின் நீளமும் எடையும் அக்காலச் சாலை அமைப்பாளர்களின் கணக்கில் இருந்ததில்லை. பாறையைக் குடைந்து அமைத்த குறுகிய வளைவுகளை அகலப்படுத்தினால் மலையின் இயல்பே கெட்டுவிடும். எனவே பூங்கா நிர்வாகம் சாலையை மாற்றாமல் வாகனங்களின் அளவுக்கு வரம்பு விதித்துள்ளது.

இதிலிருந்து திட்டமிடலின் அடிப்படை விதி கிடைக்கிறது: மலைப் பூங்காவில் டிரெய்லர் என்பது தங்குமிடம், சுற்றிப் பார்ப்பதற்கான வண்டி அன்று. எந்தக் காட்சியைப் பார்ப்பது என்பதற்கு முன்பாக, டிரெய்லரை எங்கே நிறுத்துவது, அந்த இடத்துக்கு எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்பவற்றை முடிவு செய்ய வேண்டும்.

எடைக் கணக்கு

டிரெய்லர் வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் பொதுவாக ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது வாகனத்தின் இழுவைத் திறன். ஆனால் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது வாகனத்தின் சுமைத் திறன் ஆகும். வாகனம் தன் மேல் தாங்கக்கூடிய மொத்த எடையே சுமைத் திறன். இது ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் உள்ள ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

டிரெய்லரின் முன் தண்டு வாகனத்தின் இணைப்பு உருண்டை மீது அமர்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்த அழுத்தம் இணைப்பு எடை எனப்படும். இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் ஓட்டத்தின்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மிகுந்தால் வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிப்பு குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு வாகனத்தின் இழுவைத் திறன் 3,000 கிலோ, சுமைத் திறன் 650 கிலோ எனக் கொள்வோம். டிரெய்லரின் வெற்று எடை 2,000 கிலோ. தண்ணீர், எரிவாயு உருளைகள், மின்கலம், உணவு, துணிமணி, சைக்கிள் எல்லாம் சேர்ந்தால் அது 2,500 கிலோ ஆகிறது. இழுவைத் திறனுக்குள் இருப்பதால் கவலையில்லை எனத் தோன்றும். இப்போது வாகனத்தின் மேல் ஏறும் எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்:

- நால்வர் கொண்ட குடும்பம்: 240 கிலோ
- வாகனத்தில் வைக்கும் பொருள்கள்: 80 கிலோ
- இணைப்புக் கருவிகள்: 45 கிலோ
- இணைப்பு எடை (2,500 கிலோவில் 12 விழுக்காடு): 300 கிலோ

மொத்தம் 665 கிலோ. சுமைத் திறனை விட 15 கிலோ கூடுதல். இழுவைத் திறனில் 500 கிலோ மிச்சம் இருந்தும் இந்த வாகனம் வரம்பை மீறிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே நீர்த்தொட்டியை நிரப்பி நெடுந்தூரம் இழுக்காமல், முகாம் தளத்தை அடைந்தபின் நிரப்புவது எடையைக் குறைக்கும் எளிய வழி. பயணத்துக்கு முன் எல்லாப் பொருள்களையும் ஏற்றி, ஆட்களும் அமர்ந்த நிலையில் லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை பார்ப்பது மிகவும் நல்லது.

ஏற்றமும் இறக்கமும்

உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ அமைப்பு இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் தன் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. யெல்லோஸ்டோன் பீடபூமி ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் எளிதாக இழுத்த வாகனம் அங்கே கால் பங்குக்குச் சற்றுக் குறைவான ஆற்றலை இழந்திருக்கும்.

ஆயினும் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. ஏற்றத்தில் ஆற்றல் போதாவிட்டால் வண்டி மெதுவாகச் செல்லும், அவ்வளவே. இறக்கத்தில் பிரேக் செயலிழந்தால் குடும்பத்தின் உயிருக்கே கேடு. வாகனமும் டிரெய்லரும் சேர்ந்து 5,000 கிலோ எடை கொண்டவை எனக் கொள்வோம். 6 விழுக்காடு சரிவில் 10 கி.மீ. இறங்கினால் அவை 600 மீட்டர் கீழே வருகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 29 மெகாஜூல். 20 பாகை வெப்பநிலையில் உள்ள சுமார் 90 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க இது போதும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மீதியைப் பிரேக் மட்டுமே ஏற்றால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

இதைத் தவிர்க்கும் முறைகள்:

- இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி செய்தல்.
- பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இராமல், வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்தபின் விட்டுவிடுதல்.
- டிரெய்லரின் மின் பிரேக்கையும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியையும் புறப்படும் முன் சோதித்தல்.
- டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்குதல்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

வழிகாட்டும் செயலிகள் பொதுவாகக் குறுகிய வழியையே காட்டும். டிரெய்லருக்கு அது ஏற்ற வழியாக இருக்க வேண்டியதில்லை. ஐடஹோ மாநிலத்தின் ஐடஹோ பால்ஸ் நகரிலிருந்து கிராண்ட் டீட்டன் செல்வோருக்கு டீட்டன் கணவாய் குறுக்கு வழியாகும். அதன் உயரம் சுமார் 2,570 மீட்டர். சரிவு 10 விழுக்காடு வரை இருக்கும். அதற்கு மாறாகத் தெற்கே ஆல்பைன் ஊர் வழியாக ஸ்னேக் ஆற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை சற்றுச் சுற்று என்றாலும், கணவாய் ஏற்றத்தைத் தவிர்த்து ஜாக்சன் நகரை அடைகிறது. டிரெய்லருடன் செல்லும் குடும்பத்துக்கு இரண்டாவது வழியே உகந்தது.

பூங்காக்களுக்குள்ளும் தடைகள் உண்டு. கிராண்ட் டீட்டனில் மூஸ்–வில்சன் சாலையில் டிரெய்லர்களுக்கு அனுமதி இல்லை. யெல்லோஸ்டோனின் பிளாக்டெயில் பீடபூமிச் சாலையிலும் அவ்வாறே. கிளேசியரின் 'கோயிங் டு த சன்' சாலையில், அவலாஞ்ச் ஓடைக்கும் ரைசிங் சன் பகுதிக்கும் இடையே 21 அடிக்கு (6.4 மீட்டர்) மேற்பட்ட நீளமோ 8 அடிக்கு (2.4 மீட்டர்) மேற்பட்ட அகலமோ உள்ள வாகனங்கள் செல்லக் கூடாது. பம்பரும் கண்ணாடிகளும் இந்த அளவில் சேரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டாலும் நீண்ட பிக்கப் வாகனம், பின்னால் சைக்கிள் தாங்கியும் இருந்தால், இந்த வரம்பைத் தாண்டக்கூடும். எனவே தம் வாகனத்தை அளவுநாடா கொண்டு அளந்து பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். வரம்பைத் தாண்டுவோர் பூங்காவின் சிவப்புச் சுற்றுலாப் பேருந்துகளில் அச்சாலையைக் காணலாம்.

தங்குமிடம்

முகாம் இடத்தை முன்பதிவு செய்யும்போது மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது நீளம். ஒவ்வோர் இடத்துக்கும் நீள வரம்பு உண்டு. டிரெய்லரின் விற்பனைப் பெயரில் உள்ள எண் பல நேரங்களில் முன் தண்டைச் சேர்க்காத அளவு. முன் தண்டு முதல் பின் பம்பர் வரை அளந்த நீளத்தையே கொள்ள வேண்டும். கிளேசியரின் ஸ்பிராக் ஓடை முகாம் தளத்தில் எந்த அளவு டிரெய்லருக்கும் இடமில்லை.

இரண்டாவது இணைப்பு வசதி. யெல்லோஸ்டோனுக்குள் நீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உள்ள ஒரே முகாம் தளம் பிஷிங் பிரிட்ஜ் ஆகும். கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் அங்கே கூடாரங்களுக்கு அனுமதி இல்லை. கெட்டியான சுவர் கொண்ட வண்டிகள் மட்டுமே தங்கலாம். கிராண்ட் டீட்டனில் கோல்ட்டர் பே பகுதியில் மூன்று இணைப்புகளும் உள்ள தளம் உண்டு. கிளேசியர் பூங்காவின் முகாம் தளங்களில் இணைப்பு வசதி கிடையாது. அங்கே மின்கலம், சூரியத் தகடு, நீர்த்தொட்டி ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்க வேண்டும். கழிவுத் தொட்டிகளை அதற்கென அமைந்த வெளியேற்று நிலையங்களில் மட்டுமே காலி செய்ய வேண்டும்.

மூன்றாவது காலம். யெல்லோஸ்டோனின் பெரும்பாலான சாலைகள் நவம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை சாதாரண வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். 2,026 மீட்டர் உயரத்தில் உள்ள கிளேசியரின் லோகன் கணவாய் பனி அகற்றப்பட்டுத் திறக்கப் பெரும்பாலும் ஜூன் பின்பகுதி அல்லது ஜூலைத் தொடக்கம் ஆகிவிடும். கோடை விடுமுறைக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். ஆகவே முதலில் முகாம் இடத்தை உறுதி செய்து, அதன் பிறகே விடுப்பு நாட்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

மாதிரித் திட்டம்

பத்து இரவுகள் கொண்ட பயணத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்:

- 1 முதல் 3 ஆம் இரவு வரை: கோல்ட்டர் பே. இங்கிருந்து கிராண்ட் டீட்டன் ஏரிகளையும் நடைபாதைகளையும் காணலாம்.
- 4 முதல் 6 ஆம் இரவு வரை: பிஷிங் பிரிட்ஜ். இடையில் ஏறத்தாழ 100 கி.மீ. மட்டுமே. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சுமார் 229 கி.மீ. நீளமுள்ள பெருவளையச் சாலையை இரண்டு நாட்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.
- 7 ஆம் இரவு: மொன்ட்டானா மாநிலத்தின் பியூட் அல்லது மிசூலா நகர். கிளேசியர் வரை 600 கி.மீ.க்கு மேல் இருப்பதால் ஒரே நாளில் இழுத்துச் செல்வது நல்லதன்று.
- 8 முதல் 10 ஆம் இரவு வரை: கிளேசியரின் மேற்கு வாயிலை அடுத்த ஆப்கர் பகுதி.

மலைச் சாலையில் டிரெய்லருடன் ஒரு நாளைக்கு 300 கி.மீ. அளவுடன் நிறுத்திக்கொள்வதும், பகல் வெளிச்சத்திலேயே முகாமை அடைவதும் நல்ல பழக்கங்கள். களைத்த ஓட்டுநர் இருட்டில் டிரெய்லரைப் பின்னோக்கி நகர்த்தும்போது மரத்திலோ கல்லிலோ மோதும் வாய்ப்பு மிகுதி.

குழந்தைகளும் பாதுகாப்பும்

ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. உயரமான இடத்தில் முதல் நாள் நீண்ட மலையேற்றத்தைத் தவிர்த்து, நிறைய நீர் பருகி உடலைப் பழக்க வேண்டும். ஜூன் மாதத்திலும் இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கலாம். குளிருக்காகச் சமையலடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 100 கெஜமும் (91 மீட்டர்), காட்டெருமை உள்ளிட்ட பிற விலங்குகளிலிருந்து 25 கெஜமும் (23 மீட்டர்) விலகியிருக்க வேண்டும் என்பது விதி. உணவையும் குளிர்பெட்டியையும் டிரெய்லருக்கு வெளியே விட்டுவைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் மரப்பாதையை விட்டு இறங்கக் கூடாது. மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்கு அடியில் கொதிநீர் இருக்கலாம்.

மாற்றுத் திட்டம்

2022 ஜூன் மாதத்தில் பெய்த மழையும் உருகிய பனியும் சேர்ந்து யெல்லோஸ்டோனின் வடக்கு நுழைவுச் சாலையை அடித்துச் சென்றன. பூங்காவிலிருந்த பயணிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2024 ஜூன் மாதத்தில் டீட்டன் கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி நிலச்சரிவில் இடிந்து விழுந்தது. இரண்டும் விடுமுறைக் காலத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்தவை.

எனவே ஒவ்வொரு பூங்காவுக்கும் வெளியே ஒரு மாற்று முகாம் தளத்தையும், வெளியேற இரண்டாவது வழியையும் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். மலைகளில் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது என்பதால் வரைபடங்களைத் தரவிறக்கியோ அச்சிட்டோ வைத்துக்கொள்வதும், எரிபொருள் பாதியாகும்போதே நிரப்பிக்கொள்வதும் தேவை. ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் பூங்காவின் அதிகாரப்பூர்வச் சாலை நிலவர அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

திட்டமிடும் வரிசை

சுருங்கக் கூறின், வரிசை இதுவே: முதலில் எடையும் நீளமும், அடுத்து முகாம் இடம், அடுத்து அதற்கான வழி, கடைசியில் காட்சிகள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, பதிவு செய்த இடத்தில் வண்டி நுழையாமலோ, இறக்கத்தில் பிரேக் புகைந்தோ சிக்கலுக்கு உள்ளாகின்றனர். வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலையில் போட்டுவிடக்கூடிய கணக்கை மலைச்சரிவில் வைத்துப் போடும் நிலைக்குக் குடும்பத்தைக் கொண்டுசெல்லாமல் இருப்பதே நல்ல திட்டமிடல்.